நின்றுபோன சுவர்க்கடிகாரம் உள்ள வீட்டாருக்கு

கூடத்துச் சுவரில் ஊசல் கடிகாரம் ஒன்றை மாட்டி, அது நின்று பல வருஷமாகியும் கழற்ற மனம் வராமல் வைத்திருக்கும் அன்பர்களே,

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. ஆனால் உங்களைப் போன்றவர்கள் வீட்டுக்கு நிறைய வந்திருக்கிறேன். பத்திரிகை வைக்க வந்தவனாக, துக்கம் கேட்க வந்தவனாக உட்கார்ந்து உங்கள் சுவரைப் பார்த்திருக்கிறேன். தாத்தா படத்துக்கும் தினசரி காலண்டருக்கும் நடுவே அது இருக்கும். முள் இரண்டே காலிலோ ஏழு இருபதிலோ நிற்கும். "ஓடுமா?" என்று கேட்பேன். "அது போயிருச்சுங்க, ரொம்ப நாளாச்சு" என்பீர்கள். அடுத்து நான் கேட்பதுதான் முக்கியமான கேள்வி. "எப்போ நின்னுச்சு?"

சற்று யோசித்துவிட்டு நிறையப் பேர் சொல்லும் பதில் ஒன்றுதான்: வெள்ளையடிச்சப்போ.

பொங்கலுக்கு முன்னால் சுவரிலிருந்து இறக்கினார்கள். வெள்ளையடித்து முடித்ததும் அதே ஆணியில் மாட்டினார்கள், சாவி கொடுத்தார்கள், பத்து நிமிஷம் ஓடி நின்றது. சுண்ணாம்புத் தூசி போயிருக்கும், வயசாகிவிட்டது, கைராசி இல்லாதவன் தொட்டுவிட்டான் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மறு பொங்கலுக்குள் அது போய்விட்டது என்று முடிவாகிவிட்டது. உண்மையில் போனது சுவரில் இருந்த ஒரு பென்சில் கோடு. முதன்முதலில் அதை மாட்டியவர் பெட்டியின் அடிப்பாகத்தை இடமும் வலமுமாக நகர்த்தி, டிக் டாக் சீராக வந்த இடத்தில் நிறுத்தி, பெட்டியின் ஓரத்தை ஒட்டி ஒரு கோடு போட்டிருந்தார். அந்தக் கோட்டின் மேல் வெள்ளையடித்தாயிற்று.

நாளைக் காலையில், தெரு அடங்கியிருக்கும் நேரத்தில், ஃபேனை நிறுத்திவிட்டு இதைச் செய்துபாருங்கள். கடிகாரத்தின் கதவைத் திறந்து, ஊசலை விரலால் ஒரு பக்கம் தள்ளி விடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். டிக்குக்கும் டாக்குக்கும் இடையில் எவ்வளவு நேரமோ, டாக்குக்கும் அடுத்த டிக்குக்கும் இடையிலும் அவ்வளவு நேரம் இருக்க வேண்டும். 'டிக்டாக்... டிக்டாக்' என்று நொண்டினால் பெட்டி சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அடிப்பக்கத்தைப் பிடித்து ஒரு நூல் இடது பக்கம் தள்ளுங்கள். நொண்டல் அதிகமானால் வலது பக்கம். ரசமட்டத்தை வைத்துப் பார்க்க வேண்டாம், காதை மட்டும் நம்புங்கள். நடை சீரானதும் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இப்படி ஒரு காசு செலவில்லாமல் ஓட ஆரம்பித்த கடிகாரங்களை நான் பார்த்திருக்கிறேன். ஓடினால் சந்தோஷப்படுங்கள், வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் கேட்கச் சொல்லுங்கள், பிறகு ஊசலை நிறுத்திவிடுங்கள். பல வருஷம் எண்ணெய் காணாத மிஷின் அது. அதை அப்படியே ஓட விடக் கூடாது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

இந்த மடலை எழுத வைத்தது என் பெரியத்தை வீட்டுக் கடிகாரம். அறுபது வருஷத்துக்கு மேல் அந்தக் கூடத்தில் ஓடியது. அது அடிக்கும் மணி திண்ணையில் படுத்திருப்பவர்களுக்கும் கேட்கும். அரைமணிக்கு ஒற்றை அடி. நடுராத்திரி விழித்துக்கொண்டவருக்கு அந்த ஒற்றை அடி பன்னிரண்டரையா, ஒன்றா, ஒன்றரையா என்று தெரியாது. அடுத்தடுத்த அடிகளையும் கேட்க விழித்துக் கிடக்க வேண்டும். சிறுவயதில் விடுமுறைக்குப் போன நாங்கள் அத்தனை பேரும் அப்படிக் கிடந்திருக்கிறோம்.

அது நின்றதும் அத்தான் ஒரு கடையில் கொடுத்தார். இரண்டு வாரத்தில் பளபளவென்று திரும்பி வந்தது. பெட்டிக்குக் கண்ணாடி போல வார்னிஷ், டயலுக்குப் புதுத் தாள், ஊசல் அழகாக ஆடியது. எல்லோருக்கும் திருப்தி. அத்தைக்கு அப்போது கண் சரியாகத் தெரியாது. எழுந்து வந்து, பெட்டியின் பக்கப் பலகையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"துடிக்கலையேடா" என்றார்.

திறந்து பார்த்தோம். தீப்பெட்டி இரண்டை அடுக்கிய அளவில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் டப்பா, அதில் ஒரு பேட்டரி. ஊசல் ஆடுவதற்கும் முள் நகர்வதற்கும் சம்பந்தமே இல்லை. பழைய மிஷின் எங்கே என்று கேட்டதற்கு, பித்தளை எடைக்குப் போட்டாயிற்று என்றார்கள். அத்தை அதன் பிறகு அந்தக் கடிகாரத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

உங்களிடம் கேட்பது இது ஒன்றுதான்: அந்த மிஷினை வெளியே எடுத்து எறிய விடாதீர்கள். பழுது பார்க்கக் கொடுக்கும்போது, 'மிஷினை மாற்றக் கூடாது, கழற்றும் எந்தப் பாகத்தையும் திருப்பித் தர வேண்டும்' என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். கொடுப்பதற்கு முன்னால் மிஷினின் பின்தகட்டை போட்டோ எடுங்கள். அதில் ஒரு முத்திரை இருக்கும். எட்டு முனை நட்சத்திரத்துக்குள் 'ஜே' எழுத்து இருந்தால் அது ஜெர்மனியின் ஷ்ராம்பெர்க் ஊரில் 1861இல் தொடங்கிய யுங்ஹான்ஸ் கம்பெனியுடையது. ஒன்றையொன்று குறுக்காக வெட்டும் இரண்டு அம்புகள் என்றால் ஹாம்பர்க் அமெரிக்கன் கம்பெனி. பெயரில்தான் ஹாம்பர்க், அதுவும் ஷ்ராம்பெர்க்கில்தான் இருந்தது. குஸ்தாவ் பெக்கர் மிஷின்களில் வரிசை எண் குத்தியிருக்கும், அதை வைத்து ஏறக்குறைய எந்த ஆண்டு செய்தது என்று சொல்லிவிடலாம். செய்கோஷா என்றிருந்தால் 1892இல் ஹத்தோரி கிந்தாரோ டோக்கியோவில் தொடங்கிய தொழிற்சாலை. அமெரிக்காவின் அன்சோனியா என்றால், அந்தக் கம்பெனியின் இயந்திரங்களையெல்லாம் 1929இல் சோவியத் ரஷ்யா விலைக்கு வாங்கிக்கொண்டு போய்விட்டது. ஒரு பல்சக்கரம் உடைந்தால் கடிதம் போட்டு வரவழைக்க அங்கே யாரும் இல்லை. உங்கள் பெட்டிக்குள் இருப்பதுதான் இருக்கிற பாகம்.

அத்தை வீட்டுச் சம்பவத்துக்குப் பிறகு, என் தாய்மாமன் வீட்டுப் பரணில் கிடந்த யுங்ஹான்ஸை எடுத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு அருகே கண்ணாடிப் பெட்டிக் கடை வைத்திருந்த ஒரு முதியவரிடம் போனேன். வாட்ச் ரிப்பேர்தான் தொழில். சுவர்க்கடிகாரம் வருவது நின்றே பல வருஷமாகியிருந்தது. "விட்டுட்டுப் போங்க தம்பி" என்று சொல்லாமல், "உக்காந்து பாருங்க" என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் போய் உட்கார்ந்தேன். நான் இங்கே சொல்வதில் பெரும்பகுதி அவர் கையைப் பார்த்துக் கற்றது.

அவருடைய வலது கட்டைவிரலில் நகத்தடியிலிருந்து மணிக்கட்டுப் பக்கம்வரை ஒரு தழும்பு ஓடும். முதல் நாளே அதைக் காட்டினார். சாவி கொடுத்த நிலையில் மிஷினின் இரண்டு தகடுகளையும் பிரித்தால், உள்ளே சுருண்டிருக்கும் மெயின் ஸ்பிரிங் ஒரே நொடியில் விரியும். அது பல அடி நீளமுள்ள எஃகுப் பட்டை. ஓட ஒரு ஸ்பிரிங், மணியடிக்க ஒரு ஸ்பிரிங், ஆக இரண்டு. சாவியைப் பிடித்துக்கொண்டு, கொக்கியை விலக்கி, கொஞ்சம் கொஞ்சமாக இரண்டையும் தளர்த்திய பிறகுதான் மற்ற வேலை. வீட்டில் திருப்புளி இருக்கிறது என்பதற்காக இந்த வேலையில் யாரும் இறங்க வேண்டாம். பெட்டி, கண்ணாடி, ஊசல், கோடு இவையெல்லாம் உங்கள் பொறுப்பு. தகடுகளைப் பிரிப்பது கைதேர்ந்தவர் பொறுப்பு.

'சாவி அதிகமாகக் கொடுத்து இறுகிவிட்டது' என்று எல்லா வீட்டிலும் ஒரு கதை இருக்கும். பழி பெரும்பாலும் ஒரு பேரன் மேல் இருக்கும். அந்தப் பேரனுக்கு இப்போது ஐம்பது வயதானாலும் விடமாட்டார்கள். ஸ்பிரிங்கை முழுவதும் சுற்றுவதால் கடிகாரம் நிற்பதில்லை. முழுவதும் சுற்றத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். உள்ளே போட்ட எண்ணெய் பிசினாகி, ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. முறுக்கு இருக்கிறது, ஆனால் அது பல்சக்கரங்களுக்கு வந்து சேர்வதில்லை. அந்தப் பேரனை மன்னித்துவிடலாம்.

மாமன் வீட்டு மிஷினைப் பெரியவர் பிரித்த அன்று, ஒரு தகட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, லூப் என்னும் பூதக்கண்ணாடியை என் கண்ணில் வைத்தார். சக்கரத்தின் அச்சு முனை நுழையும் துளையைப் பார்க்கச் சொன்னார். ஊசியால் குத்தியது போல வட்டமாக இருக்க வேண்டிய துளை, ஒரு பக்கமாக இழுபட்டு வெள்ளரி விதை மாதிரி இருந்தது. அதன் விளிம்பில் கருப்பாக, காய்ந்த வெல்லப்பாகு போல ஒரு வளையம். "இதான் உங்க கடிகாரத்தோட வியாதி" என்றார். அரை நொடிக்கு ஒரு தட்டு தட்டும் கடிகாரம் ஒரு நாளைக்கு 1,72,800 முறை தட்டுகிறது. வருஷத்துக்கு ஆறு கோடியைத் தாண்டும். எண்ணெய் காய்ந்து, தூசி அதில் ஒட்டிக்கொண்டால், அது உப்புத்தாள் மாதிரி வேலை செய்கிறது. மென்மையான பித்தளையில் தூசிப் பொடி பதிந்துகொண்டு, கடினமான எஃகு அச்சையே அரைக்கிறது. துளை அகன்றதும் அச்சு சாய்கிறது. அச்சு சாய்ந்தால் பல்லும் பல்லும் சரியாகச் சேராது. அதனால்தான் காய்ந்த மிஷினை ஓட விடாதீர்கள் என்றேன்.

இதற்குச் சிகிச்சை புஷ் போடுவது. துளையை நடுப்பார்த்து அகலமாக்கி, சிறு பித்தளைக் குழல் ஒன்றை அதில் இறுக்கி, அச்சுக்கு ஏற்றபடி திரும்பத் துளை போடுவது. கைப்பழக்கம் வேண்டிய வேலை. சிலர் அவசரத்துக்குத் துளையைச் சுற்றி ஆணியால் குத்தி, பித்தளையை நெருக்கிவிடுவார்கள். கொஞ்ச நாள் ஓடும். தகடு அம்மை வார்த்த முகம் போல ஆகிவிடும். உங்கள் மிஷினில் அப்படிக் குத்துகள் இருந்தால், முன்பு யாரோ அவசரப்பட்டிருக்கிறார்கள்.

அதே தகட்டின் உள்பக்கம் இன்னொன்றையும் அவர் காட்டினார். பிரித்தால்தான் தெரியும் இடம். ஊசியால் கீறிய மூன்று தேதிகள்: 1938, 1951, 1967. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கையெழுத்து, ஒன்று தமிழில். கடிகாரத்தைப் பழுது பார்த்தவர்கள் பார்த்த தேதியை இப்படிக் கீறி வைப்பது உலகம் முழுக்க உள்ள பழக்கம். அந்த மூன்று பேரையும் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. வீட்டில் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் அவர்கள் இல்லை. எடைக்குப் போன அத்தை வீட்டு மிஷினில் எத்தனை கையெழுத்து இருந்தது என்று எனக்கு இனிமேல் தெரியப்போவதில்லை.

கழுவுவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பித்தளை என்றதும் நம் கை புளியைத் தேடும். குத்துவிளக்குக்குப் புளி சரி. மிஷினுக்கு வேண்டாம். துளைகளுக்குள்ளும் எஃகு அச்சுகளிலும் தங்கும் புளிப்பு துருவாக முடியும். அம்மோனியா கலந்த கரைசலில் பித்தளை தங்கமாக மின்னும், ஆனால் அதில் ஊறவைத்து மறந்துவிடக் கூடாது. பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் பித்தளை உறைகள் வெடிப்பு விட்ட கதை உண்டு. குதிரை மூத்திரத்தின் அம்மோனியாதான் காரணம். இழுத்து நீட்டிச் செய்த பித்தளை அதைத் தாங்காது. எங்கள் பெரியவர் வெள்ளைப் பெட்ரோலில் கழுவினார், அதுவும் கடைக்கு வெளியே, பீடிக்காரர்களை விரட்டிவிட்டு. பிறகு ஒவ்வொரு துளைக்குள்ளும் கூராகச் சீவிய மூங்கில் குச்சியை விட்டுத் திருகினார். குச்சி கருப்பாக வெளியே வந்தது. சீவி, திரும்ப விட்டார். வெள்ளையாக வரும்வரை. ஒரு துளைக்குப் பதினொரு தடவை சீவியதை எண்ணினேன்.

எண்ணெய் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். மார்கழிக் குளிரில் உறையும், சித்திரையில் உருகி ஓடும், பிறகு சிக்கு நாற்றத்தோடு பிசினாகும். தையல் மிஷின் எண்ணெய் அதைவிடப் பரவாயில்லை என்றாலும் வழிந்துவிடும். துருவுக்கு அடிக்கும் ஸ்பிரே மிஷினுக்குள் போகவே கூடாது. கடிகார எண்ணெய் என்று தனியாக விற்கிறது. அதில் ஒரு துளைக்கு ஊசிமுனையில் நிற்கும் சொட்டு போதும். பல்சக்கரத்தின் பற்களில் ஒரு சொட்டும் படக் கூடாது, அங்கே எண்ணெய் இருந்தால் தூசி ஒட்டும். மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சைப் பெட்டிக்குள் வைக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அன்பினால் செய்வதுதான். ஆனால் காய்ந்த அழுக்கை அந்த ஆவி இளக்கி இடம் மாற்றுமே தவிர வெளியே எடுக்காது.

இனி ஒரு கணக்கு. எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. ஊசலின் வேகத்தைத் தீர்மானிப்பவை இரண்டு: அதன் நீளம், பூமியின் இழுப்பு. பூமியின் இழுப்பு எல்லா ஊரிலும் ஒன்றல்ல. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கக் குறைகிறது. 1672இல் பாரிஸிலிருந்து தென் அமெரிக்காவின் கயென்னுக்குப் போன வானியலாளர் ழான் ரிஷே, பாரிஸில் சரியாக ஓடிய கடிகாரம் அங்கே நாளுக்கு இரண்டரை நிமிஷம் பிந்துவதைக் கண்டார். பூமி சரியான உருண்டை இல்லை என்பதற்கு அது சான்றானது. 1821இல் சென்னை வானாய்வகத்தில் ஜான் கோல்டிங்ஹாம் ஊசலை வைத்து அந்த ஊரின் இழுப்பை அளந்தார். ஷ்ராம்பெர்க்கில் சரிபார்த்த ஒரு கடிகாரத்தைப் புதுக்கோட்டையில் மாட்டினால், நான் போட்டுப் பார்த்த கணக்குப்படி, நாளுக்கு இரண்டு நிமிஷம் போலப் பிந்தும். கப்பலில் வந்த ஒவ்வொரு கடிகாரத்தையும் இங்கே ஒருவர் இந்த மண்ணுக்குப் பழக்கியிருக்கிறார். ஊசல் குண்டின் அடியில் உள்ள மரையைத் திருகி, அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகக் குண்டை உயர்த்தியிருக்கிறார். உங்கள் கடிகாரத்தில் அந்த மரை இன்று நிற்கும் இடம் அவர் விட்டுப்போன இடம். தேய்த்துப் பளபளப்பாக்குகிறேன் என்று அதைக் கழற்றுவதற்கு முன் எத்தனை சுற்றில் நிற்கிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். அரை நொடி ஊசலில் ஒரு மில்லிமீட்டர் ஏறினாலோ இறங்கினாலோ நாளுக்கு மூன்று நிமிஷம் வித்தியாசம் வரும். கடிகாரம் முந்தினால் குண்டை இறக்குங்கள், பிந்தினால் ஏற்றுங்கள். ஒரு நாளுக்கு ஒரு தடவை, ஒரே நேரத்தில், பொறுமையாக.

கோடையில் கொஞ்சம் பிந்தும். பயப்பட வேண்டாம். பித்தளைக் கம்பி பத்து டிகிரி சூட்டில் நாளுக்கு எட்டு நொடி பிந்தும் அளவுக்கு நீள்கிறது. மரக்கம்பி அதைவிடக் குறைவாக நீளும் என்பதால்தான் பல கடிகாரங்களில் ஊசலுக்கு மரக்கம்பி போட்டார்கள்.

பெட்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய பாலிஷ் அரக்கில் செய்தது. உப்புத்தாள் போடாதீர்கள், மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய மரத்தோல் கிழிந்துவிடும். உலர்ந்த துணியும் மெல்லிய தூரிகையும் போதும். விட்டுப்போன மூட்டுகளுக்கு வச்சிரம் காய்ச்சி ஒட்டும் ஆசாரி கிடைத்தால் அவரிடம் கொடுங்கள். வச்சிரம் பின்னால் வெந்நீர் பட்டால் விடும், அடுத்த தலைமுறை பிரிக்கலாம். இன்றைய பசைகள் மரத்தை உடைத்தால்தான் விடும். டயலை ஈரத் துணியால் துடைக்கவே வேண்டாம். எண்கள் துணியோடு வந்துவிடும். மஞ்சள் பூத்த டயல் அழகானது என்பது என் கட்சி.

எடுத்துச் செல்லும்போது ஊசலைக் கழற்றிவிட்டுத்தான் தூக்க வேண்டும். ஊசல் தொங்குவது சவரப் பிளேடு தடிமனுள்ள ஒரு சிறு எஃகுத் தகட்டில். ஆட்டோவில் ஒரு குழி போதும், அது மடங்கிவிடும். மணி மூன்றானால் ஐந்து அடிக்கிறது என்றால் மிஷின் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். சின்ன முள் பெரும்பாலான கடிகாரங்களில் அச்சின் மேல் இறுக்கமாகச் செருகியிருப்பதுதான். அடிக்கும் எண்ணுக்கு நேராக அதை மட்டும் மெதுவாகத் தள்ளி வைத்துவிட்டு, பெரிய முள்ளை முன்பக்கமாகவே சுற்றி, ஒவ்வொரு மணியும் அடித்து முடிக்கும்வரை நிறுத்தி நிறுத்திச் சரியான நேரத்துக்குக் கொண்டு வாருங்கள்.

சென்னை வானாய்வகத்தில் இருந்த, ஜான் ஷெல்டன் செய்த கடிகாரம் 200 வருஷம் கடந்தும் கொடைக்கானல் வானாய்வகத்தில் ஓடியது. உங்களுடையதும் நீண்ட ஆயுளுக்காகச் செய்ததுதான். மாமன் வீட்டு யுங்ஹான்ஸ் இப்போது என் வீட்டில் ஓடுகிறது. சனிக்கிழமை விளக்கு வைத்ததும் சாவி கொடுக்கிறேன், எட்டு நாள் வரும். உள்தகட்டில் நான்காவதாக ஒரு தேதியும் கையெழுத்தும் இருக்கின்றன. கீறியபோது பெரியவர் கை கொஞ்சம் நடுங்கியது, அதனால் கடைசி எழுத்து மட்டும் கோணல்.

கடைசியாக, சாவி தொலைந்துபோயிற்று என்று சொல்பவர்களுக்கு. கட்டிங் பிளேயரால் திருகாதீர்கள், சதுர முனை மழுங்கிவிடும். அளவு பார்த்து வாங்கச் சாவி கிடைக்கிறது. அதற்கு முன் பெட்டியின் கதவைத் திறந்து, ஊசலுக்குக் கீழே, அடிப்பலகையின் மூலையில் கையை விட்டுத் துழாவிப் பாருங்கள். பழைய ரசீது, ஒரு செத்த கரப்பான், ஒரு திருகாணி இவற்றோடு அது அங்கேதான் கிடக்கும். அந்தத் திருகாணியையும் எறிந்துவிடாதீர்கள்.

அன்புடன்,
சனிக்கிழமை சாவி கொடுக்கும் ஒருவன்